நூலகவியலின் ஐந்து விதிகளும் பொது நூலகத்தின் உடல்நலத் தகவல் சேவையும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள், நூலும் வாசகரும் சந்திப்பதையே நூலகத்தின் பயனாகக் கொள்கின்றன. உடல்நல நூல்களைப் பொறுத்தவரை அச்சந்திப்பு எப்போதும் நன்மையிலேயே முடியும் எனக் கொள்ள இயலாது. மருத்துவ அறிவு மாறிய பின்னும் மாறாமல் அலமாரியில் நிற்கும் நூல், தன்னை நம்பி எடுத்தவருக்குத் தீங்கு செய்யக்கூடும். இக்கட்டுரை ஐந்து விதிகளையும் உடல்நலத் தகவல் சேவையின் நோக்கில் மதிப்பிடுகிறது. ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்னும் மூன்றாம் விதி, ‘நூலகம் வளரும் உயிரி’ என்னும் ஐந்தாம் விதிக்கு உட்பட்டே இத்துறையில் செயல்பட வேண்டும் என்பதை நிறுவுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், உடல்நலத் தகவல், ஐந்து விதிகள், ரங்கநாதன், நூல் கழித்தல், வாசகர் மறைவுரிமை, தமிழ் மருத்துவ நூல்கள்.

முன்னுரை

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்திற்கென இயற்றப்பட்ட முதல் சட்டம், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். சொத்து வரியோடு நூலக வரியையும் செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் பொது நூலகத்தின் பங்குதாரர் என்னும் நிலையை இச்சட்டம் உருவாக்கிற்று. இதன் பின்னணியில் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதனின் உழைப்பு உள்ளது.

தமிழகப் பொது நூலகங்கள் குறித்த ஆய்வுகளும் விவாதங்களும் பெரும்பாலும் கட்டடம், நூல் கொள்முதல், பணியாளர் பற்றாக்குறை, போட்டித் தேர்வு வாசகர்கள் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. நூலகம் ஓர் உடல்நல நிறுவனமாகவும் செயல்படுகிறது என்னும் எண்ணம் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தைக் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அப்போது எழுந்த விவாதம் நூலகமா, மருத்துவமனையா என இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது. ஆனால், மருத்துவமனைக்குச் செல்வதா வேண்டாமா, எப்போது செல்வது, அங்கு என்ன கேட்பது என்பனவற்றை முடிவு செய்யும் முன் ஒருவர் தகவலைத் தேடும் இடங்களுள் நூலகமும் ஒன்று.

உடல்நலத் தகவல் சேவை என்பது மருத்துவ ஆலோசனை அன்று. நோயைக் கண்டறிவதும் மருந்தைப் பரிந்துரைப்பதும் மருத்துவரின் பணி. நம்பத்தக்க, காலத்திற்கேற்ற, வாசகருக்குப் புரியும் மொழியில் அமைந்த தகவலைத் தேடித் தருவதும், எங்குச் செல்லலாம் என வழிகாட்டுவதும் நூலகரின் பணி. இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டே பின்வரும் மதிப்பீடு அமைகிறது.

முதல் இரண்டு விதிகள்: பயனும் வாசகரும்

‘நூல்கள் பயன்பாட்டிற்கே’ என்பது முதல் விதி. நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடமை எனக் கருதப்பட்ட சூழலில் இவ்விதி பெரும் மாற்றத்தைக் கோரியது. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவரது நூல்’ என்னும் இரண்டாம் விதி, கல்வி, பால், செல்வம், இடம் ஆகிய வேறுபாடுகளைக் கடந்து நூல் எல்லோருக்கும் உரியது என்றது. ஐந்து விதிகள் நூலாக வெளிவந்த அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டு சென்றது, இரண்டாம் விதியின் நேரடிச் செயல்வடிவம் எனலாம்.

உடல்நலத் துறையில் இரண்டாம் விதி மொழிச் சிக்கலை எதிர்கொள்கிறது. ஆங்கிலம் அறிந்தவர் தமிழ் நூலில் படித்ததை வேறு இடத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. கிளை நூலகத்தின் அலமாரியில் உள்ள ஒரே நூல் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதாயின், அதுவே அவருக்கு இன்றைய மருத்துவம். எனவே, நூல் கிடைக்கிறதா என்பதோடு இக்கேள்வி முடிவதில்லை. யாருக்கு எந்தக் காலத்து அறிவு கிடைக்கிறது என்பதும் சமத்துவம் சார்ந்த கேள்வியே.

இக்குறைபாட்டிற்குத் தமிழில் மருத்துவத்தை எழுத இயலாமை காரணமன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தி, உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலியவற்றைத் தமிழாக்கி வெளியிட்டார். தமிழ் வளர்ச்சிக் கழகம் மருத்துவக் களஞ்சியத்தையும் சித்த மருத்துவக் களஞ்சியத்தையும் பல தொகுதிகளாக வெளியிட்டது. முன்னது மாணவரை நோக்கியது. பின்னது பொது அறிவை நோக்கியது. நோயுற்றவரும் அவரைப் பராமரிப்பவரும் கேட்கும் கேள்விகளுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்கப்படும் நூல்வகையே இவற்றுக்கு அடுத்த தேவையாக உள்ளது.

மூன்றாம் விதி: நூலும் அதற்குரியவர் அல்லாத வாசகரும்

‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்னும் மூன்றாம் விதி, பயன்படாமல் கிடக்கும் நூலுக்காகப் பேசுகிறது. திறந்த அலமாரி, நூல் காட்சி, நூலகரின் பரிந்துரை ஆகியவற்றின் வழியாக நூல் தன் வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது இதன் கருத்து. கதை, வரலாறு, பயணம் போன்ற வகைகளில் தற்செயலாகக் கைக்கு வந்த நூல் வாசகரை வளப்படுத்தும். மருந்து செய்முறை கூறும் நூலைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

சுவடிகளிலிருந்து பதிப்பிக்கப்பட்ட சித்த மருத்துவ நூல்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இவற்றைப் பதிப்பித்துள்ளன. இவற்றில் மூலிகைப் பெயர்கள் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடும். ஒரே பெயர் இரு செடிகளைக் குறிப்பதும் உண்டு. இரசம், பாடாணம் போன்ற நச்சுத்தன்மை கொண்ட சரக்குகள் உரிய சுத்தி முறைகளுக்குப் பின்னரே மருந்தில் சேரும். அம்முறைகள் ஆசிரியரிடம் இருந்து மாணவர் கற்க வேண்டியவை. இந்நூல்களுக்கு உரிய வாசகர்கள் உண்டு. சித்த மருத்துவ மாணவர், சுவடியியல் ஆய்வாளர், அகராதி தொகுப்பவர், மருத்துவ வரலாற்றாசிரியர் ஆகியோர் இவற்றைத் தேடி வருவர். ஆனால் கிளை நூலகத்தில் இவை ‘மருத்துவம்’ என்னும் ஒரே பலகையின்கீழ், உணவுக் குறிப்பு நூல்களுக்கும் வீட்டு வைத்தியத் தொகுப்புகளுக்கும் இடையே நிற்குமாயின், மூட்டுவலிக்கு வழி தேடி வந்தவரே முதலில் அவற்றை எடுப்பார். இங்கு நூலுக்கு வாசகர் கிடைத்துவிட்டார். ஆயினும் மூன்றாம் விதி நிறைவேறவில்லை. ‘அதன் வாசகர்’ என்னும் தொடரில் ‘அதன்’ என்னும் சொல் உரியவரையே சுட்டுகிறது. உடல்நலப் பிரிவில் அச்சொல்லின் அழுத்தம் கூடுதலாகிறது.

சட்டம் இவ்விடத்தில் நூலகத்திற்கு உதவுவதில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அறிவியல் அல்லது சமூக நோக்கில் நேர்மையாக எழுதப்பட்ட நூல்களுக்கு விலக்கு அளிக்கிறது. கருத்துரிமை சார்ந்து இவ்விலக்கு தேவையானதே. ஆயினும் அதன் நடைமுறை விளைவைக் கருத வேண்டும். சர்க்கரை நோயை அடியோடு தீர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டுவது தெளிவான குற்றம். அதே உறுதிமொழி ஒரு நூலின் இயலாக வரும்போது, அந்நூல் நேர்மையானதா என்பதை முதலில் எடைபோடும் இடம் பெரும்பாலும் நூலகத்தின் தெரிவுக் குழுவே. அக்குழு இக்கேள்வியை எழுப்பாவிடில் பின்னர் அதனை எழுப்புவோர் அரியர்.

நான்காம் விதி: சொல், நேரம், மறைவுரிமை

‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்னும் விதி, பகுப்பு முறைக்கும் நூற்பட்டிக்கும் அடிப்படையாகும். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, மருத்துவத்தை உறுப்பு, நோய், சிகிச்சை முதலிய கூறுகளாகப் பிரித்து மீண்டும் இணைக்கிறது. பொருளை நுட்பமாகச் சுட்டுவதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் வாசகர் உறுப்பின் பெயரோடு வருவதில்லை. வீட்டில் வழங்கும் சொல்லோடு வருகிறார்.

தமிழில் ‘வாதம்’ என்னும் ஒரு சொல்லே இதனை விளக்கப் போதுமானது. சித்த மருத்துவத்தில் வாதம் மூன்று அடிப்படைகளுள் ஒன்று. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டம் தொடர்பானது. முடக்குவாதம் மூட்டு தொடர்பானது. இளம்பிள்ளை வாதம் தீநுண்மித் தொற்று. ‘வாதத்துக்கு ஒரு புத்தகம்’ என்று கேட்பவர் இந்நான்கில் எதைக் குறிக்கிறார் என்பதைக் கேட்டே அறிய வேண்டும். ‘சர்க்கரை’ என்று கேட்பவருக்கு ‘நீரிழிவு’ என்றும் ‘மதுமேகம்’ என்றும் தலைப்பிட்ட நூல்கள் தாமாகக் கிடைப்பதில்லை. மஞ்சள் காமாலையை ஒரு நோயாகவே வாசகர் கருதுகிறார். மருத்துவ நூல் அதனைக் கல்லீரல், பித்தப்பை முதலியவற்றின் பல கோளாறுகளுக்கு உரிய அறிகுறியாக நடத்துகிறது. நூற்பட்டியில் வழக்குச் சொல்லிலிருந்து கலைச்சொல்லுக்கு இட்டுச்செல்லும் குறுக்குக் குறிப்புகள் இல்லாவிடில், நான்காம் விதி தலைப்பு அட்டையிலேயே தோற்றுப்போகிறது.

நேரத்தைச் சேமிக்கும் முயற்சி மற்றொரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது. நூலகர் ‘என்ன வேண்டும்’ என்று கேட்பது பொதுவாக நற்பண்பு. கருப்பை, பால்வினை நோய், குழந்தையின்மை, மனநலம் பற்றிய நூலைத் தேடுபவருக்கு, பலர் நாளிதழ் படிக்கும் கூடத்தில் எழும் அக்கேள்வியே திரும்பிச் செல்லக் காரணமாகலாம். ‘தெரிந்த ஒருவருக்காக’ என்று தொடங்கும் கேள்விகள் இதனால் எழுபவை. ஊரார் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் இரவல் பதிவேட்டின் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் நோயை வெளிப்படுத்திவிடும். வாசகருக்கும் நூலகருக்கும் இடையிலான நேரடி உறவையே நோக்கு நூற்சேவையின் உயிராக ரங்கநாதன் கருதினார். உடல்நலத் தகவலில் அவ்வுறவு விலகி நிற்கவும் அறிந்திருக்க வேண்டும். கேட்காமலே கண்டெடுக்கும்படி அமைந்த தெளிவான அலமாரிக் குறிப்புகள், எடுத்துச் செல்லத்தக்க ஒரு பக்கத் தாள்கள், பிறர் பார்வைக்கு வராத இரவல் பதிவு ஆகியவை இங்கு நேரத்தைச் சேமிப்பதைவிட முதன்மையானவை.

ஐந்தாம் விதி: வளர்ச்சியும் கழிவும்

நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியை விளக்குகையில், உயிரி புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிக்கவும் செய்கிறது என்பதை ரங்கநாதன் சுட்டுகிறார். இவ்விதியின் முதற்பாதி புதிய நூல், புதிய கட்டடம், கூடுதல் இருக்கை என்னும் வடிவங்களில் நிர்வாகத்தால் ஏற்கப்பட்டது. இரண்டாம் பாதி அவ்வாறு ஏற்கப்படவில்லை.

நாய்க்கடி பற்றிய நூலைக் கொண்டு இதனை விளக்கலாம். நரம்புத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசி இந்தியாவில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. வயிற்றில் நாள்தோறும் போடப்பட்ட அவ்வூசியே ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்னும் அச்சமாக மக்கள் நினைவில் தங்கியது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நாட்டில் அதன் தயாரிப்பும் பயன்பாடும் முடிவுக்கு வந்தன. இன்று உயிரணு வளர்ப்பு முறையில் தயாரான தடுப்பூசி, பெரியவர்களுக்கு மேற்கையில், சில தவணைகளில் போடப்படுகிறது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது முதலுதவியின் முதற்படி. அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ இயலாதது. 1990-இல் அச்சான ஒரு முதலுதவி நூல் தன் காலத்தில் பிழையற்றதாகவே இருந்திருக்கலாம். இன்று அதனைப் படிப்பவர் 14 ஊசிக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிட்டால், சரியாக எழுதப்பட்ட நூலே ஓர் உயிரிழப்புக்குத் துணைபோகிறது.

இது தனித்த எடுத்துக்காட்டு அன்று. பாம்பு கடித்த இடத்திற்கு மேல் இறுகக் கட்டுதல், கீறி இரத்தத்தை உறிஞ்சுதல் ஆகியன பழைய முதலுதவி நூல்களில் அறிவுரைகளாக இடம்பெற்றவை. இன்று அவை செய்யக்கூடாதவை. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலத்தை 4 முதல் 6 மாதம் என்று கூறிவந்த உலக சுகாதார நிறுவனம், 2001-இல் அதனை முழு 6 மாதம் என வரையறுத்தது. இந்தியக் காசநோய்த் திட்டம் வாரம் மூன்று நாள் மருந்து என்னும் முறையிலிருந்து 2017-இல் நாள்தோறும் மருந்து என்னும் முறைக்கு மாறியது. இம்மாற்றங்களுக்கு முந்தைய நூல்களின் உள்ளே எச்சரிக்கை எதுவும் இராது. கெட்டி அட்டையும் மருத்துவர் பட்டமும் அவற்றுக்கு மேலும் நம்பகத்தன்மை தருகின்றன.

போட்டித் தேர்வுப் பிரிவோடு ஒப்பிட்டால் இதன் முரண் விளங்கும். பாடத்திட்டம் மாறியதும் பழைய வழிகாட்டி நூலைத் தேர்வர் கையில் எடுப்பதில்லை. நூலகரிடம் புதிய பதிப்பைக் கேட்கிறார். மதிப்பெண் இழப்பை உணரும் வாசகர், அப்பிரிவைத் தாமே புதுப்பிக்கச் செய்கிறார். மருத்துவப் பிரிவின் வாசகருக்குப் பாடத்திட்டம் மாறியதே தெரிவதில்லை. ஆகவே அங்கு வாசகரின் கோரிக்கை செய்யும் பணியை நூலகத்தின் விதியே செய்ய வேண்டும். நடைமுறையோ எதிர்த்திசையில் உள்ளது. ஒரு நூல் காணாமற்போனால் நூலகர் விளக்கம் தர வேண்டியுள்ளது. காலங்கடந்த நூல் அலமாரியில் இருப்பதற்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. நூல்களைக் காப்பதே கடமை என்னும் மனநிலையை முதல் விதி எதிர்த்தது. அம்மனநிலை இருப்புச் சரிபார்ப்பு என்னும் வடிவில் ஐந்தாம் விதியைத் தடுத்து நிற்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, நூலை நீக்குவது தணிக்கையாகும் என்பது. கருத்தும் மருத்துவ அறிவுறுத்தலும் ஒன்றல்ல. தடுப்பூசிக் கொள்கையை விமர்சிக்கும் நூல் கருத்து. தடுப்பூசியின் தவணை நாட்களைத் தவறாகத் தரும் நூல் காலங்கடந்த அறிவுறுத்தல். மேலும், கிளை நூலக அலமாரியிலிருந்து நீக்குவது நூலை அழிப்பதாகாது. 1896-இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. வரலாற்றைக் காக்கும் பொறுப்பு அங்கு நிறைவேறுகிறது. பழைய முதலுதவி நூல் மருத்துவ வரலாற்றாசிரியருக்கு உரியதாகும்போது மூன்றாம் விதியும் நிறைவு பெறுகிறது.

இரண்டாவது மறுப்பு, நூலகர் மருத்துவர் அல்லர் என்பது. இது உண்மை. அதனாலேயே தெரிவு தனிமனிதர் பொறுப்பாக அமையக்கூடாது. இங்கிலாந்தில் 2013-இல் தொடங்கிய ‘ரீடிங் வெல்’ திட்டம், மருத்துவ வல்லுநர்களின் துணையோடு தெரிந்தெடுத்த நூற்பட்டியலைப் பொது நூலகங்களுக்கு வழங்குகிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் தொடங்கிய ‘மெட்லைன்பிளஸ்’ பொதுமக்களுக்கான தகவலைத் தொடர்ந்து புதுப்பிக்கிறது. இரண்டிலும் நூலகர் மருத்துவராவதில்லை. மருத்துவரின் மதிப்பீடு நூலகத்திற்குள் வருகிறது. இவற்றை அப்படியே தமிழகத்தில் பெயர்த்து நடுதல் பொருந்தாது. பல மருத்துவ முறைகள் அரசின் ஏற்போடு இயங்கும் இச்சூழலில், ஒவ்வொரு முறையின் நூல்களையும் அம்முறையில் பயின்றோரே மதிப்பிடும் குழு தேவைப்படும். மாவட்ட நூலக ஆணைக்குழு, அம்மாவட்ட மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவர்கள் ஆகியோரை இணைக்கும் அத்தகைய குழுவுக்குப் பெரும் நிதி தேவையில்லை.

குழு அமையும் வரையிலும் கிளை நூலகம் செய்யக்கூடியவை சில உள்ளன. உடல்நல நூலின் முதுகில் பதிப்பாண்டைப் பெரிய எழுத்தில் ஒட்டலாம்; மறுஅச்சு ஆண்டைப் பதிப்பாண்டாகக் கொள்ளாதிருக்கலாம்; முதலுதவி, குழந்தை வளர்ப்பு, தொற்றுநோய் ஆகிய மூன்று பிரிவுகளை முதலில் சரிபார்க்கலாம்; சுவடிப் பதிப்புகளைத் தனி அலமாரிக்கு மாற்றலாம்; ஆரம்பச் சுகாதார நிலையத்தின் முகவரியையும் 104 உடல்நல உதவி எண்ணையும் அலமாரியிலேயே எழுதி வைக்கலாம்.

முடிவுரை

ஐந்து விதிகளும் நூலின் பயனைப் பேசின; நூலின் காலத்தை ஐந்தாம் விதி மட்டுமே, அதுவும் உருவகமாகவே பேசிற்று. பிற துறைகளில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. உடல்நலத் துறையில் காலம் நூலின் புறத்தன்மை அன்று. அதுவே நூலின் உண்மையை முடிவு செய்கிறது. எனவே இப்பிரிவில் ஒரு நூல் வாசகரைத் தேடும் உரிமை, அது இன்றும் சரியானதா என்னும் சரிபார்ப்புக்கு உட்பட்டதாக அமைய வேண்டும். இதற்கான அடிப்படை ரங்கநாதனின் விதிகளுக்கு வெளியே இல்லை. வளரும் உயிரி கழிக்கவும் செய்யும் என்னும் அவரது விளக்கத்திலேயே உள்ளது. வேறு இடத்தில் சரிபார்க்க வழியின்றி, தமிழ் மட்டும் அறிந்து, கிளை நூலகத்தின் ஒரே நூலை நம்பி எடுத்துச் செல்லும் வாசகரின் பொருட்டு அவ்விளக்கம் நடைமுறைக்கு வர வேண்டும்.